அழகான பீட், பொய் சொல்ற பீட்

1943 ஜனவரி 16, இரவு பதினோரு மணி வாக்கு. அமெரிக்காவின் மேற்குப் பக்கம், ஆரெகன் மாநிலம், போர்ட்லாந்து நகரத்துக் கப்பல் தளம். 'ஸ்கெனெக்டடி'னு பேர் வச்ச புத்தம்புது எண்ணெய்க் கப்பல் ஒண்ணு சோதனை ஓட்டத்தை முடிச்சிட்டு வந்து துறையில் கட்டி நிக்குது. புயல் இல்லை, பெரிய அலை இல்லை. உலகப் போர் நடக்கிற காலம்தான், ஆனால் அந்த இடத்தில் எந்தக் குண்டும் விழல.

திடீர்னு ஒரு வெடிச்சத்தம். ஒரு மைல் தூரத்துக்குக் கேட்டதா சொல்றாங்க. பார்த்தா கப்பல் நடுவில் பிளந்து கிடக்குது. மேல்தளத்திலிருந்து ரெண்டு பக்கமும் விரிசல் இறங்கி, அடித்தட்டு மட்டும் பிடிச்சுக்கிட்டு இருக்கு. முன்பக்கமும் பின்பக்கமும் கீழே இறங்கி, நடுப்பகுதி முழங்காலை மடக்கின மாதிரி மேலே தூக்கி நிக்குது.

அந்தக் கப்பல் ரிவெட் அடிச்சுக் கட்டினதில்லை. வெல்டிங்கில் கட்டினது. அதனால் விசாரணை ஆரம்பிச்சதும் முதல் விரல் யாரை நோக்கி நீண்டிருக்கும்னு உங்களுக்கே தெரியும். வெல்டர்களை.

இந்த எபிசோடில் நான் பேசப் போறது கப்பல் பற்றி இல்லை. ரெண்டு இரும்பை ஒட்டும்போது மேலே விழுற அந்த ஒரு கோடு பற்றி. இங்கிலீஷில் அதுக்கு பீட்னு பேர், நம்ம பட்டறைகளில் 'ரன்'னும் சொல்லுவாங்க. நல்ல பீட் எப்படி இருக்கும்? ஒரே அகலம், ஒரே உயரம், மீன் செதில் அடுக்கின மாதிரி வரி வரியா. இன்ஸ்டாகிராமில் அதுக்குன்னே பக்கங்கள் இருக்கு, லட்சக்கணக்கில் பார்க்கிறாங்க. நான் கேட்கிற கேள்வி இதுதான். அந்த அழகு, உள்ளே பிடிச்சிருக்குங்கிறதுக்குச் சாட்சியா?

முதல்ல கை. அந்தக் காலத்தில் வெல்டிங்னா ராடு வெல்டிங். இன்னைக்கும் நம்ம தெருமுனை கிரில் கடையில் ஓடுறது அதுதான். 1881-ல் பெர்னார்டோஸ் கார்பன் குச்சியை வச்சு ஆர்க் மூட்டினார். 1888-ல் ஸ்லாவ்யானோவ் அந்தக் குச்சிக்குப் பதிலா உருகும் இரும்புக் கம்பியையே போட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனின் ஆஸ்கர் செல்பெரி அந்தக் கம்பிக்கு மேல ஒரு பூச்சு பூசினார். பூச்சு எரிஞ்சு புகையாகி, உருகின இரும்பைக் காத்து தொடாம மூடும். இதுதான் இன்னைக்கு நாம பார்க்கிற ராடோட தாத்தா.

இதில் என்ன கஷ்டம்னா, ராடு எரிய எரியக் குட்டையாகும். ஒரு கம்பி மத்தாப்பைக் கையில் பிடிச்சுக்கிட்டு, அதன் எரியும் நுனி சுவரிலிருந்து எப்பவும் சரியா மூணு மில்லிமீட்டர் தள்ளியே இருக்கணும், அதே நேரம் கை பக்கவாட்டில் ஒரே வேகத்தில் நகரணும்னு சொன்னா எப்படி இருக்கும்? கை ஒரே நேரத்தில் ரெண்டு திசையில் போகணும். ஒண்ணு கீழே, எரிஞ்சு குறையுற அளவுக்கு. ஒண்ணு பக்கவாட்டில், பீட் போடுற அளவுக்கு. கொஞ்சம் தள்ளிப் போனா ஆர்க் நீண்டு தெறிக்கும், அணையும். கொஞ்சம் கிட்டப் போனா ராடு பிளேட்டோட ஒட்டிக்கும். முறுக்கிப் பிடுங்கணும். இது கைக்குப் படிய மாசக்கணக்கில் ஆகும்.

போர் அந்த மாசங்களைக் கொடுக்கலை. அமெரிக்கா மொத்தம் 2,710 லிபர்ட்டி கப்பல்களைக் கட்டி முடிச்சது. அதில் 'ராபர்ட் ஈ. பியரி'ங்கிற கப்பலை 1942 நவம்பரில் அஞ்சு நாள்கூட ஆகாம கட்டித் தண்ணியில் விட்டாங்க. விளம்பரத்துக்காகச் செஞ்ச சாதனைதான், ஆனால் வேகம் உண்மை. அந்த வேகத்துக்கு ஆள் வேணும். கடைக்காரப் பெண்கள், வீட்டில் இருந்தவங்க, பண்ணையிலிருந்து வந்தவங்க எல்லாரும் ஹெல்மெட் மாட்டினாங்க.

அகஸ்டா க்ளாசன்னு ஒருத்தர். அமெரிக்க அரசின் கல்வி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பயிற்சி எடுத்த பெண்கள் ஏன் வேலையில் நிலைக்க மாட்டேங்குறாங்கன்னு தெரிஞ்சுக்க, தான் யார்னு சொல்லாம, அதே ஆரெகன் மாநிலத்துக் கப்பல் தளம் ஒண்ணில் வெல்டரா சேர்ந்தார். அந்த நாட்குறிப்பு 1944-ல் புத்தகமா வந்தது. அதில் எனக்குப் பிடிச்சது என்னன்னா, அவங்க வெல்டிங்கைப் பத்தி எழுதினதைவிட வெல்டிங்கைச் சுத்தி இருக்கிறதைப் பத்தி எழுதினதுதான். பயிற்சி மேசையில் உட்கார்ந்து பீட் போடக் கத்துக் கொடுத்தாச்சு. கப்பலுக்குள்ள போனா காது பிளக்கிற சத்தம், ஏணி, உயரம், உடம்பை மடக்கி நுழையுற இடுக்கு. அதுக்கு யாரும் தயார் பண்ணலை.

இன்னொரு பக்கம் அவசரம். ரெண்டு பிளேட்டுக்கும் நடுவில் இடைவெளி அதிகமா இருந்தா, அடுக்கடுக்கா உருக்கி நிரப்பணும். நேரம் பிடிக்கும். அதுக்குப் பதிலா சில இடங்களில் ஒரு ராடையோ இரும்புத் துண்டையோ அந்தச் சந்தில் அப்படியே செருகி, மேலே மட்டும் ஒரு பீட் ஓட்டிட்டுப் போயிட்டாங்க. வெளியே பார்த்தா பளிச்சுனு இருக்கும். உள்ளே ஒட்டவே இல்லை. அந்தத் தளங்களில் இதுக்கு ஒரு பேரே இருந்தது: ஸ்லக்கிங். ஒரு திருட்டுக்குப் பேர் வச்சாச்சுன்னா அது எவ்வளவு சகஜமா இருந்திருக்கும்னு பாருங்க.

ஆனா வெல்டர்களுக்கு நியாயமா இருக்கணும்னா இதையும் சொல்லணும். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர்ங்கிற உலோகவியலாளர் இந்த உடைப்புகளை ஆராய்ஞ்சார். அவர் காட்டினது: அந்த எஃகு குளிரில் வளையும் குணத்தை இழந்து கண்ணாடி மாதிரி ஆகிடுது. அதோட மேல்தளத் திறப்புகளுக்குச் சதுர மூலைகள். சுமை எல்லாம் அந்த மூலையில் போய்க் குவியும். ரிவெட் கப்பலில் விரிசல் விட்டா அந்தப் பிளேட்டின் ஓரத்தோட நின்னுடும். வெல்டிங் கப்பல் மொத்தமும் ஒரே துண்டு. விரிசலுக்கு நிக்கிற இடமே இல்லை. அதனால் மோசமான வெல்டிங் ஒரு காரணம்தான், ஒரே காரணம் இல்லை. ஆனா எங்கேயோ ஒரு சின்னப் பிடிக்காத இடம் இருந்தா போதும், விரிசல் அங்கேருந்து கிளம்பிடும். ஸ்கெனெக்டடியைச் சரிபண்ணி மறுபடி கடலுக்கு அனுப்பினாங்க, அது பல வருஷம் ஓடுச்சு.

இதே காலத்தில் பூமியின் மறுபக்கத்தில் இதே ஆள் பற்றாக்குறைக்கு வேற ஒரு பதில் கிடைச்சது. நம்ம கதையில் திருப்பமே அதுதான்.

எவ்கேனி பட்டோன். பாலம் கட்டுற பொறியாளர். அறுபதை நெருங்குற வயசில் வெல்டிங் பக்கம் திரும்பி, 1934-ல் கீவ் நகரத்தில் வெல்டிங்குக்குன்னு ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கினார். 1941-ல் ஜெர்மானியப் படை நெருங்கவும், நிறுவனத்தைக் கிளப்பிக்கிட்டு யூரல் மலைப்பக்கம் நிஸ்னி தாகில் நகரத்துக்குப் போனாங்க. கார்கிவிலிருந்து இடம்பெயர்ந்த டாங்கி ஆலையும் அங்கேதான் வந்து சேர்ந்தது. டி-34 டாங்கியின் கவசத் தகடுகளை ஒட்டணும். தேர்ந்த வெல்டர்கள் போதாது. ஆலையில் இருக்கிறது பெரும்பாலும் பெண்களும் பதின்ம வயசுப் பசங்களும்.

அங்கே கையில் ராடு இல்லை. சுருளா இருக்கிற கம்பியை மோட்டார் உருளை இழுத்துத் தள்ளும். ஆர்க் மேல மணல் மாதிரி ஒரு பொடி மூடிக்கிடக்கும், வெளிச்சம்கூட வெளியே தெரியாது. பொடிக்கு அடியில் எரியுற இந்த வெல்டிங் அமெரிக்காவிலும் 1930-களிலேயே வந்தாச்சு. சிக்கல் என்னன்னா, கம்பியை எவ்வளவு வேகமாத் தள்ளணும்? ஆர்க் நீண்டா வேகமாத் தள்ளணும், குறைஞ்சா மெதுவா. அதனால் ஆர்க்கின் வோல்டேஜை அளந்து அதுக்கேத்தபடி மோட்டாரை ஓட்டுற நுட்பமான கருவி வேணும். போர்க்காலத்தில் அதைச் செய்யவும் கஷ்டம், பழுது பார்க்கவும் கஷ்டம்.

1942-ல் அந்தக் குழுவில் இருந்த விளாடிமிர் டயட்லோவ் ஒண்ணைக் கவனிச்சார். மோட்டாரை ஒரே வேகத்தில் விட்டாலும் பரவாயில்லை, ஆர்க் தன்னைத்தானே சரி பண்ணிக்குது!

இது எப்படின்னு கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இன்னைக்குக் கம்பி வெல்டிங் மெஷினோட உயிரே இதுதான். கம்பி நுனி பிளேட்டுக்குக் கொஞ்சம் கிட்டப் போயிடுச்சுன்னு வைங்க. ஆர்க் குறுகும். குறுகினா கரன்ட் ஏறும். கரன்ட் ஏறினா கம்பி வேகமா உருகும். உருகினா நுனி பின்வாங்கும், பழைய இடைவெளி வந்துடும். தள்ளிப் போனா நேர்மாறு. கரன்ட் இறங்கும், உருகுறது குறையும், பின்னாலிருந்து வர்ற கம்பி இடைவெளியை நிரப்பிடும். இதெல்லாம் கண்ணிமைக்கிற நேரத்துக்குள்ள. ராடு பிடிச்ச கை மாசக்கணக்கில் எதைக் கத்துக்கிச்சோ, அந்த மூணு மில்லிமீட்டர் கணக்கை, இயற்பியலே போட்டுக் கொடுத்துடுச்சு. கருவி எளிமையாச்சு, தேர்ச்சி இல்லாத கைகளால் அதை ஓட்ட முடிஞ்சது. கவசத் தகடு ஒட்டுச்சு.

(ஒரு சின்ன விஷயம். கீவில் டினிப்ரோ ஆத்து மேல முழுக்க வெல்டிங்கால் ஆன ஒன்றரைக் கிலோமீட்டர் பாலம் இருக்கு. பட்டோன் பேரில்தான். 1953-ல் திறந்தாங்க. திறக்கிறதுக்குச் சில மாசம் முன்னாடி அவர் இறந்துட்டார்.)

போருக்கு அப்புறம் இது சின்னதாகி, கைக்கு வந்தது. 1948-ல் அமெரிக்காவின் பாட்டெல் ஆய்வு நிறுவனத்தில், ஏர் ரிடக்ஷன் கம்பெனியின் ஆதரவில், மெல்லிய கம்பியைத் துப்பாக்கி மாதிரி ஒரு டார்ச் வழியாத் தள்ளி, சுத்தி ஆர்கான் வாயுவை ஊதினாங்க. அலுமினியத்துக்கு அருமையா வேலை செஞ்சது, ஆனா அந்த வாயு விலை அதிகம். 1953-ல் சோவியத்தில் லுபாவ்ஸ்கியும் நோவோஷிலோவும் இரும்புக்குக் கார்பன் டை ஆக்சைடே போதும்னு காட்டினாங்க. சோடாவில் அடைக்கிற அதே வாயுதான். விலை தடால்னு இறங்கிடுச்சு. நம்ம ஊர்ப் பட்டறைகளில் இன்னைக்கும் இந்த மெஷினுக்கு 'சிஓடூ வெல்டிங்'னுதான் பேர்.

1950-கள் முடியுறப்போ இன்னொரு படி. கம்பியை இன்னும் மெல்லிசாக்கி, வோல்டேஜைக் குறைச்சாங்க. கம்பி நுனி பிளேட்டைத் தொடும், ஷார்ட் ஆகும், ஒரு சொட்டு உருகி விழும், மறுபடி ஆர்க். ஒரு நொடிக்கு நூறு தடவைக்கு மேலகூட. வெப்பம் குறைவு, அதனால் கார் பாடி மாதிரி மெல்லிய தகட்டில் ஓட்டை விழாது. எந்தக் கோணத்திலும் ஒட்டலாம். கத்துக்கிறதும் சுலபம். இன்னைக்கு ஆன்லைனில் வாங்குற சின்ன மெஷின் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுது.

இந்த எபிசோடுக்காக மூணு சனிக்கிழமை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே ஒரு அண்ணன் புதுப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். முப்பது வருஷ அனுபவம். முதல் நாள் அவர் யார் கையிலும் டார்ச்சே கொடுக்கலை. முதுகைத் திருப்பி உட்கார வச்சுட்டு, தான் ஓட்டிக்கிட்டே, "சத்தத்தை மட்டும் கேளுங்க தம்பி"ன்னார்.

செட்டிங் சரியா இருந்தா அப்பளம் பொரியுற மாதிரி இடைவிடாத சத்தம். கம்பி வேகம் அதிகமானா பட் பட்னு குத்தும், கையில் டார்ச் பின்னால் தள்ளும். வோல்டேஜ் அதிகமானா பொரியுற சத்தம் போய் உஸ்ஸுனு ஒரு இரைச்சல், நுனியில் பெரிய சொட்டு தொங்கும். அரை மணி நேரத்தில் பசங்க பார்க்காமலே சொல்ல ஆரம்பிச்சாங்க. ராடு காலத்தில் விரலில் இருந்த வித்தை இப்போ காதில் இருக்கு.

அப்புறம் டார்ச். 0.8 மில்லிமீட்டர் கம்பி, மூணு மில்லிமீட்டர் பிளேட், பதினெட்டு பத்தொன்பது வோல்ட். டார்ச் முனையிலிருந்து வெளியே நீட்டுற கம்பி பத்து மில்லிமீட்டர் அளவில். அதை இழுத்துப் பதினஞ்சு இருபதுன்னு விட்டா கரன்ட் குறைஞ்சுடும், கம்பி உருகும், ஆனா கீழே பிளேட் சூடாகாது. எர்த் கிளாம்ப் துரு மேல கவ்வியிருந்தாலும் தொல்லை. ஃபேன் காத்து நேரா அடிச்சா வாயு பறந்து, பீட் முழுக்க இட்லி மாதிரி ஓட்டை.

"வெளிச்சத்தைப் பாக்காதீங்க தம்பி. அதுக்குக் கீழ உருகி நிக்குற குளத்தைப் பாருங்க. கம்பி எப்பவும் குளத்தோட முன் ஓரத்தில் விழணும். குளம் கம்பியை முந்திட்டா முடிஞ்சுது."

ரெண்டாவது சனிக்கிழமை சாயங்காலம்தான் நான் போன வேலைக்குப் பதில் கிடைச்சது. பசங்க போட்ட டி-ஜாயின்ட் ரெண்டை அண்ணன் எடுத்தார். ஒரு பிளேட் படுத்திருக்கும், இன்னொண்ணு அதுமேல நட்டுக்க நிக்கும், மூலையில் ஒரு பக்கம் மட்டும் பீட். ஒண்ணில் பீட் செதுக்கின மாதிரி, நான் போனில் படமே எடுத்துக்கிட்டேன். இன்னொண்ணு கொஞ்சம் தட்டையா, ஓரம் கோணலா. ரெண்டையும் வைஸில் மாட்டிச் சுத்தியலால் பீட் இருக்கிற பக்கமா மடக்கி அடிச்சார். கோணல் பீட் வளைஞ்சுது, விடலை. அழகு பீட் மூணாவது அடியில் ஸ்டிக்கர் உரிக்கிற மாதிரி கழண்டு வந்தது. அடியில் பிளேட்டோட கறுப்புத் தோல் அப்படியே இருந்துச்சு. பிளேட் உருகவே இல்லை. உருகின கம்பி மேலே ஊத்தி உறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

போட்ட பையனுக்கு முகம் வாடிப்போச்சு. அண்ணன் திட்டலை. "ராடா இருந்தா ஒட்டிக்கிட்டு உனக்குச் சொல்லிருக்கும்டா. இது சொல்லாது"ன்னார்.

அந்த வரியில் நான் இதுவரை சொன்ன எண்பது வருஷ வரலாறும் இருக்கு. ராடில் கரன்ட் குறைவா இருந்தா ராடு ஒட்டிக்கும், அணையும், பீட் அசிங்கமா வரும். கஷ்டமான கருவி, ஆனா தப்பை முகத்தில் சொல்லிடும். அதில் அழகு வரணும்னா கை கத்துக்கிட்டிருக்கணும், அதனால் அழகை ஓரளவு நம்பலாம். கம்பி மெஷின் ஆர்க்கைத் தானே பார்த்துக்குது. பிளேட் உருகுதோ இல்லையோ, கம்பி வந்துக்கிட்டே இருக்கும், பீட் அடுக்கிக்கிட்டே போகும். கப்பல் தளத்தில் ஸ்லக்கிங் பண்ண ஒருத்தர் வேணும்னே ஏமாத்தணும். இங்கே யாருமே ஏமாத்தாம அதே பொய் விழும். எனக்கு ரெண்டாவதுதான் அதிக பயமா இருக்கு.

இதைக் கோட்பாடா சொல்லலை, சட்டப் புத்தகத்திலேயே இருக்கு. அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் டி1.1ங்கிற கட்டுமான விதிமுறையில், தனிச் சோதனை இல்லாமலே பயன்படுத்தலாம்னு ஒரு பட்டியல் உண்டு. ராடு வெல்டிங் அதில் இருக்கு. இந்த ஷார்ட் ஆகுற கம்பி வெல்டிங் இல்லை. தனியா சோதிச்சு நிரூபிச்சாத்தான் அனுமதி. பாய்லர்களுக்கான ஏஎஸ்எம்இ விதிமுறை இன்னும் ஒரு படி மேல. வழக்கமா ஒரு வெல்டரோட திறமையை எக்ஸ்-ரே எடுத்தே சோதிக்கலாம். இந்த முறையில் ஓட்டினா எக்ஸ்-ரே மட்டும் பத்தாது, துண்டு வெட்டி வளைச்சே காட்டணும். ஏன்னா ஒட்டாம வெறுமனே தொட்டுக்கிட்டு இருக்கிற இடம் எக்ஸ்-ரே கண்ணுக்கும் தப்பிடும்.

பாய்லர்னா நமக்கு ஞாபகம் வர்றது திருச்சி. 1965-ல் செக்கோஸ்லோவாகியா ஒத்துழைப்போட பெல் ஆலை அங்கே ஓட ஆரம்பிச்சது. உயர் அழுத்த நீராவி ஓடுற குழாய்கள், ஒரு மூட்டு விட்டாலும் ஆள் உயிர். 1975-ல் அதே இடத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. திருச்சி சுத்துவட்டாரத்தில் வெல்டிங்னா ஒரு மரியாதை இருக்குன்னா அதுக்கு வேர் இங்கேதான். அங்கே பழகினவங்க கிட்ட உங்க பீட் போட்டோவைக் காட்டிப் பாருங்க. "வளைச்சுப் பாத்தியா?"ன்னுதான் முதல்ல கேட்பாங்க.

நீங்க ஒரு சின்ன மெஷின் வாங்கிப் பழகப் போறீங்கன்னா, ஒரு வேலை சொல்றேன். பீட்டைக் குறுக்கே அறுங்க. அறுத்த முகத்தை அரம் போட்டு, உப்புத்தாள் தேய்ச்சு வழவழப்பாக்கி, சில மணி நேரம் வினிகரில் ஊற வைங்க. பீட் ஒரு நிறத்திலும் பிளேட் இன்னொரு நிறத்திலும் தனியாத் தெரியும். பீட் பிளேட்டுக்குள்ள கிண்ணம் மாதிரி இறங்கியிருக்கா, இல்லை மேலே குமிழ் மாதிரி உட்கார்ந்திருக்கா, அந்தக் கோட்டில் தெரிஞ்சுடும். குமிழா இருந்தா வோல்டேஜையும் கம்பி வேகத்தையும் கொஞ்சம் ஏத்துங்க, நீட்டுக் கம்பியைக் குறைங்க, குளத்தோட முன் ஓரத்துக்குப் போங்க, மறுபடி ஓட்டி மறுபடி அறுங்க.

அம்பத்தூர் பையன் மூணாவது சனிக்கிழமை மூணு டி-ஜாயின்ட் போட்டான். ரெண்டு வளைஞ்சுது, ஒண்ணு கழண்டுச்சு. கழண்டதை அவன்தான் அறுத்துப் பார்த்தான், அண்ணன் சொல்றதுக்கு முன்னாடி.